தாய் நகரின் குதிரையும் மகள் நகரின் வெள்ளியும்

கையிலுள்ள ஒரு நாணயத்தை எடுத்து, அதில் பொறிக்கப்பட்ட ஆண்டின் கீழே உற்று நோக்குங்கள். சிறிய வைரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் மும்பையில் அச்சிடப்பட்டது. விண்மீன் இருந்தால் ஹைதராபாத். ஒரு புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையெனில் கொல்கத்தா. நான்கும் ஒரே அரசின் நாணயங்கள், மதிப்பும் ஒன்றே. ஆயினும் எடை குறைந்தாலோ கலப்பு பிசகினாலோ எந்தச் சாலை பொறுப்பு என்பதை அந்தச் சிறு குறி காட்டிக்கொடுத்துவிடும்.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கடற்கரைகளில் வழங்கிய ஒரு வெள்ளி நாணயக் குடும்பத்திலும் இத்தகைய ஏற்பாட்டைக் காண்கிறோம். கொரிந்து நகரின் நாணயத்தில் பெகாசஸ் என்னும் சிறகு முளைத்த குதிரை பறந்துகொண்டிருக்கும். அதன் வயிற்றுக்குக் கீழே, ஒரு வட்டமும் அதிலிருந்து இறங்கும் கோடுமாக, 'கொப்பா' என்ற பழைய எழுத்து இருக்கும். கொரிந்தின் பெயர் அக்காலத்தில் அவ்வெழுத்தில்தான் தொடங்கிற்று. இனி வேறொரு நாணயத்தைப் பார்ப்போம். அதே குதிரை, அதே எடை, மறுபுறம் தலைக்கவசம் அணிந்த அதே அதீனா தேவியின் முகம். ஆனால் குதிரையின் கீழே கூரை முகடு போன்ற 'லாம்டா' என்னும் எழுத்து. இது லெவ்காஸ் நகரின் நாணயம். 'ஆல்ஃபா' இருந்தால் அம்ப்ராக்கியா நகரினுடையது. இவ்விரு நகரங்களும் கொரிந்திலிருந்து சென்ற மக்கள் அமைத்தவை.

ஒற்றுமை இவ்வளவோடு நிற்கிறது. நம் நாணயச்சாலைகள் நான்கும் ஒரே அரசின் கீழ் இயங்குகின்றன. லெவ்காஸும் அம்ப்ராக்கியாவும் கொரிந்தின் கிளை அலுவலகங்கள் அல்ல. தனித்தனி நகர அரசுகள். அவ்வாறிருக்க, தன் வெள்ளியின் மேல் தாய் நகரின் குதிரையை ஏன் பொறித்துக்கொண்டன? அயலூரான் ஒருவன் நம் காசைக் கையில் வாங்க வேண்டுமானால் அதன்மேல் எதைப் பொறிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்நகரங்கள் கண்ட விடை அது. வேறு நகரங்கள் வேறு விடைகளைக் கண்டன. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டை விட்டு அகன்ற வீடு

'காலனி' என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கிழக்கிந்தியக் கம்பெனியும் அதற்குப் பின் வந்த ஆட்சியும். கிரேக்கர் இதற்கு வழங்கிய 'அப்போய்க்கியா' என்ற சொல்லுக்கு, வீட்டை விட்டு அகன்று அமைந்த வீடு என்பதே பொருள். நிலப் பற்றாக்குறை, பஞ்சம், உள்ளூர்ப் பூசல் ஆகியவற்றால் ஒரு பகுதியினர் கப்பலேறிப் புதிய கரையில் ஊர் அமைப்பர். புறப்பட்ட ஊர் 'மெட்ரோபொலிஸ்', அதாவது தாய் நகரம். பெருநகரங்களைக் குறிக்க நாம் இன்று வழங்கும் 'மெட்ரோ' என்ற சொல்லின் வேர் இதுவே. தாய் நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துச் செல்வது வழக்கம். தாய்வீட்டுச் சீருடன் புகுந்த வீடு செல்லும் மகளைப் போல, உறவு தொடரும், ஆட்சி தொடராது.

பிரிவு எப்போதும் இனிதாக நிகழவில்லை. தீரா என்னும் தீவில் மழை பொய்த்தபோது வட ஆப்பிரிக்கக் கரைக்கு ஆட்களை அனுப்பினர். அவர்கள் வழி தெரியாது திரும்பி வந்தபோது, கரையிறங்க விடாமல் சொந்த ஊராரே அடித்து விரட்டினர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவ்வாறு விரட்டப்பட்டவர்கள் பிற்காலத்தில் எழுப்பிய நகரம் சைரீனி. சென்று இறங்கிய இடங்களும் வெற்று நிலங்கள் அல்ல. கி.மு. 733 அளவில் கொரிந்தைச் சேர்ந்த ஆர்க்கியாஸ் சிசிலியில் சிராகூஸ் நகரை அமைத்தபோது, அங்கு வாழ்ந்த சிசெல் மக்களை வெளியேற்றிய பின்னரே அமைத்தார் என்பதைத் துசிடிடீஸ் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடுகிறார்.

வெள்ளி எங்கிருந்து வந்தது?

சிசிலியின் கிரேக்க நகரங்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாணயம் அச்சிடத் தொடங்கின. அத்தீவில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. தாயான கொரிந்தின் மண்ணிலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாணயமும் வெளியிலிருந்து வந்த வெள்ளியால் ஆனது. சிசிலிக்கு வளமான வயல்கள் இருந்தன; கோதுமையும் பார்லியும் கப்பலேறின, வெள்ளி வந்து இறங்கியது. சிசிலியின் தென்மேற்குக் கரையிலுள்ள செலினூஸ் நகரில் 1985-இல் கிடைத்த புதையலில் கொரிந்து, ஏஜினா முதலிய தொலைநகர் நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் ஒன்றாகக் கிடந்தன. வந்த காசை உருக்கி அச்சிடுவதுண்டு. உருக்கவும் பொறுமையின்றி அதன்மேலேயே தன் முத்திரையை அடித்துவிடுவதும் உண்டு. தென் இத்தாலியின் மெட்டபொன்டம் நகரத்து நாணயங்கள் சிலவற்றில், பார்லிக் கதிருக்கு அடியில் கொரிந்துக் குதிரையின் மங்கிய வரிகளை இன்றும் காணலாம்.

அச்சிடும் முறை எளியது. அளந்து வார்த்த வெள்ளி வில்லையைச் சூடாக்கி, பட்டடையில் பதித்த கீழ் அச்சின் மேல் வைப்பர். மேல் அச்சை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். சம்மட்டி அடியை நேரே வாங்கும் மேல் அச்சு விரைவில் தேய்ந்து உடையும். கீழ் அச்சு நீடிக்கும். ஒரே கீழ் அச்சு எந்தெந்த மேல் அச்சுகளோடு இணைந்து வருகிறது என்று ஒப்பிட்டே எந்த நாணயம் முந்தியது, எது பிந்தியது என்பதை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகின்றனர்.

எடையில்தான் நுட்பம் இருந்தது. கொரிந்தின் ஸ்டேட்டர் ஏறத்தாழ 8.6 கிராம். ஏதென்சின் நான்கு திராக்மா நாணயம் ஏறத்தாழ 17.2 கிராம். ஆக இரண்டு குதிரைகள் ஒரு பெரிய ஏதென்ஸ் நாணயத்துக்குச் சமம். சிராகூஸ் ஏதென்சின் அளவையையே தனதாக்கிக்கொண்டது. இதனால் அதன் காசு இரு பெருஞ்சந்தைகளின் கணக்கிலும் தட்டின்றிப் பொருந்தியது. உள்ளூரிலோ வேறொரு கணக்கு இருந்தது. சிசிலியின் பழங்குடியினர் வெண்கலத்தை 'லிட்ரா' என்ற எடையால் அளந்தனர். அதன் மதிப்புக்கு ஈடாக ஏறத்தாழ 0.86 கிராம் எடையில் குட்டி வெள்ளிக் காசு ஒன்றைக் கிரேக்க நகரங்கள் வெளியிட்டன. ஐந்து லிட்ரா ஒரு திராக்மா. விரட்டப்பட்ட மக்களின் அளவை, வந்தேறிகளின் சந்தைக்குள் இவ்வாறு இடம் பிடித்தது.

ஆனால் எல்லா நகரங்களும் ஒரே எடையைப் பின்பற்றவில்லை. எனவே துறைமுகம்தோறும் காசு மாற்றுவோர் மேசை போட்டு அமர்ந்தனர். கிரேக்கத்தில் மேசைக்கு 'திரபேசா' என்று பெயர். இன்றும் ஏதென்சில் வங்கிகளின் பெயர்ப்பலகைகளில் அச்சொல்லைத்தான் காண முடியும். தராசு, உரைகல், கூர்மையான உளி ஆகியவை அந்த மேசையின் கருவிகள். நம் பாட்டிமார் காசைச் சுண்டிப் பார்த்து ஓசையால் எடைபோட்டது போல் அல்லாமல், அவர்கள் ஐயம் எழுந்தால் உளியால் ஒரு வெட்டே வெட்டிவிடுவர். உள்ளே செம்பு தெரிந்தால் அது செல்லாக்காசு. ஏதென்சில் கி.மு. 375/374-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதன்படி, மேசைகளின் நடுவே அமரும் அரசுச் சோதனையாளர் போலி நாணயத்தை வெட்டிப் பறிமுதல் செய்வார். அவர் நல்லதென்று ஒப்பிய ஏதென்ஸ் வெள்ளியை மறுக்கும் வணிகரின் அன்றைய சரக்கும் பறிமுதலாகும். கள்ளக் காசைக் கொடுப்பது மட்டுமன்று, நல்ல காசை மறுப்பதும் குற்றம் என்ற நோக்கு நமக்கு வியப்பளிக்கிறது.

படமே பெயர்

எழுதப் படிக்கத் தெரியாதவரும் காசைப் படித்தாக வேண்டும். ஆகவே பல நகரங்கள் தம் பெயரையே படமாக்கின. 'செலினோன்' என்பது சிவரிக்கீரை இனத்தைச் சேர்ந்த காட்டுச் செடி. செலினூஸ் அதன் இலையைப் பொறித்தது. 'சான்க்ளோன்' என்பது சிசெல் மொழியில் அரிவாள். சான்க்ளே நகரம் தன் அரிவாள் வடிவத் துறைமுகத்தையும் அதனுள் ஒரு டால்பினையும் பொறித்தது. லியோன்டினோய்க்குச் சிங்கத்தலை. மெட்டபொன்டத்தின் பார்லிக் கதிர் பெயரைச் சொல்லவில்லை, பிழைப்பைச் சொல்லிற்று. மக்களும் படத்தையே பெயராக்கினர். கொரிந்தின் நாணயத்துக்குக் 'குதிரைக்குட்டி', ஏதென்சின் நாணயத்துக்கு 'ஆந்தை' என்று பெயர். நம் நாட்டில் துளையிட்ட காசை 'ஓட்டைக் காலணா' என்றழைத்த வழக்கம் வாசகர்களில் மூத்தோருக்கு நினைவிருக்கும்.

இப்படங்களுள் நம் அடுக்களையோடு தொடர்புடையது ஒன்றுண்டு. ஊராரால் விரட்டப்பட்டவர்கள் அமைத்த சைரீனியின் வெள்ளியில் 'சில்ஃபியம்' என்னும் தடித்த தண்டுச் செடி காணப்படுகிறது. அதன் பால் மருந்தாகவும் உணவின் மணமூட்டியாகவும் மத்தியதரைக் கடல் எங்கும் விலைபோயிற்று. அது பயிரிட இணங்காத காட்டுச் செடி. அளவின்றி அறுக்கப்பட்டும் மேய்க்கப்பட்டும் அருகியது. தம் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதையும் நீரோ மன்னனுக்கு அனுப்பினர் என்று பிளினி எழுதினார். அதற்கு மாற்றாக ரோமானியர் பாரசீகப் பகுதியிலிருந்து வாங்கிய பிசின்தான் நாம் சாம்பாரில் இடும் பெருங்காயம். செடி மறைந்துவிட்டது, அதன் உருவம் வெள்ளியில் மட்டும் நிற்கிறது.

தாயுடன் பகை கொண்ட மகள்

சிராகூஸை நோக்கிச் சென்ற வழியில் ஆர்க்கியாஸ் தன் கூட்டத்தில் ஒரு பகுதியைக் கோர்கைராத் தீவில், இன்றைய கோர்ஃபுவில், விட்டுச் சென்றதாக ஸ்ட்ராபோ கூறுகிறார். அப்படியானால் சிராகூஸும் கோர்கைராவும் ஒரே பயணத்தில் பிறந்த சகோதரிகள். ஆனால் கோர்கைரா தாயுடன் ஒத்துப்போகவில்லை. விழாக்களில் கொரிந்தினருக்குத் தர வேண்டிய முதல் மரியாதையை அது தருவதில்லை என்பது தாயின் மனக்குறை. இந்தப் பிணக்கை அறியத் துசிடிடீஸின் நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. ஒரு நாணயத்தைப் பார்த்தாலே போதும். சிறகுக் குதிரை இல்லை. கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு ஒருபுறம், கோலம் போன்ற வடிவம் மறுபுறம். எடையும் வேறு, 8.6 அன்று, 11 கிராமுக்கு மேல். குதிரையோடு மாற்றிக்கொள்ளவே இயலாதபடி அமைத்தது போல் தோன்றுகிறது. கி.மு. 433-இல் இவ்விரு நகரங்களின் கப்பல்கள் நேருக்கு நேர் மோதின. கோர்கைராவுக்குத் துணை நின்ற ஏதென்சும் அப்பூசலில் இழுபட்டது. இரண்டாண்டுகளில் தொடங்கிய பெலொப்பொனேசியப் போர் கிரேக்க உலகையே சீர்குலைத்தது.

மிக அழகிய நாணயமும் மிகப் பெரிய மோசடியும்

மற்றொரு மகளான சிராகூஸ் வேறு வழியில் சென்றது. தாயைப் பழிக்கவும் இல்லை, பின்பற்றவும் இல்லை, தாயை மிஞ்சியது. அதன் நாணயத்தில் நான்கு குதிரை பூட்டிய தேர் ஒருபுறம். மறுபுறம் டால்பின்கள் சூழ்ந்த ஒரு பெண்ணின் தலை. பெரும்பாலானவற்றில் அவளை அரெதூசா என்று கொள்வர். அவள் கிரேக்க நாட்டில் ஆற்றுத் தேவன் ஒருவனுக்கு அஞ்சிக் கடலுக்கடியில் ஓடி, சிராகூஸின் ஓர்ட்டிஜியாத் தீவில் நன்னீர் ஊற்றாக வெளிப்பட்டாள் என்பது கதை. அந்த ஊற்று இன்றும் அங்கே உள்ளது. தாயகத்தைக் குதிரையால் நினைவுகூராத நகரம், கடலடியில் வந்த நீரால் நினைவுகூர்ந்தது எனலாம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரம் ஏறத்தாழ 43 கிராம் எடையுள்ள பத்து திராக்மா நாணயங்களை வெளியிட்டது. கீமோன், யூவைனெட்டோஸ் என்ற இரு அச்சுச் சிற்பிகள் தம் பெயரை மிகச் சிறிய எழுத்தில் பெண்ணின் தலைப்பட்டையிலும் டால்பினின் உடலிலும் ஒளித்து வைத்தனர். யூவைனெட்டோஸ் செதுக்கிய முகத்தை, சிராகூஸின் பரம்பரைப் பகையான கார்த்தேஜே தன் நாணயத்தில் நகலெடுத்தது. கார்த்தேஜின் கூலிப்படையினர் பழகிய முகமுள்ள வெள்ளியையே விரும்பினர். எதிரியின் முகத்தைத் தன் காசில் பொறிக்கும் அளவுக்கு ஒரு நகரின் நாணயம் பெயர்பெற்றிருந்தது.

இந்த அழகு நாணயங்கள் வெளிவந்த காலத்தில் சிராகூஸை ஆண்டவன் முதலாம் டயோனீசியஸ், கி.மு. 405 முதல் 367 வரை. கார்த்தேஜுடன் ஓயாத போர், அதனால் ஓயாத செலவு. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் 'பொருளியல்' என்ற நூல் அவன் செய்ததைக் கூறுகிறது. குடிமக்களிடம் கடன் வாங்கினான். அவர்கள் திருப்பிக் கேட்டபோது, வீட்டிலுள்ள வெள்ளி முழுவதையும் கொண்டு வருமாறும், மறைப்போருக்கு மரண தண்டனை என்றும் ஆணையிட்டான். வந்த வெள்ளியில் புதிய முத்திரை அடித்து, ஒரு திராக்மா இனி இரண்டு திராக்மா என்று அறிவித்தான். பழைய கடனையும் புதிதாக வாங்கியதையும் அதைக் கொண்டே தீர்த்தான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். குடிமகன் ஒருவன் 100 திராக்மா கடன் கொடுத்திருந்தான் என்று கொள்வோம். ஆணைக்கு அஞ்சி மேலும் 100 கொண்டு வந்தான். அரசன் தர வேண்டியது 200. புதிய முத்திரை அடித்த 100 காசுகள் இப்போது '200' ஆகிவிட்டன. அந்த 100 காசுகளையும் அவன் கையில் கொடுத்து, கணக்கு நேர் என்கிறான். குடிமகன் கொண்டு வந்ததும் 100 காசு, கொண்டு போனதும் 100 காசு. முன்பு கொடுத்த கடன் எங்கே போயிற்று? அரசன் ஒரு குன்றிமணி வெள்ளிகூடத் தன் கருவூலத்திலிருந்து எடுக்கவில்லை. கணக்கோலையில் மட்டும் பிழையே இல்லை.

இத்துடனும் அவன் நிற்கவில்லை. வெள்ளீயத்தில் காசு அடித்து, அவையைக் கூட்டி அதன் பெருமைகளை நீண்ட நேரம் பேசினான் என்றும், விருப்பமில்லாத மக்கள் அதை வெள்ளியாகவே ஏற்பதாக வாக்களித்தனர் என்றும் அந்நூல் சொல்கிறது. சிரிப்பும் வேதனையும் ஒருங்கே எழும் காட்சி அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயோனீசியஸ் தன் பெயரை நாணயத்தில் பொறிக்கவில்லை. அவன் காலத்திலும் அரெதூசாவின் அருகே இருந்த சொல் 'சிராகூஸ் மக்களுடையது' என்பதுதான். கிரேக்க மொழியில் நாணயத்துக்கு 'நோமிஸ்மா' என்று பெயர். சட்டத்தையும் வழக்கத்தையும் குறிக்கும் 'நோமோஸ்' என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது என்றும், பணம் இயற்கையால் அன்றி மக்களின் உடன்பாட்டால் நிலைப்பது என்றும் அரிஸ்டாட்டில் விளக்கினார். தமிழில் நாம் காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் 'நாணயம்' என்கிறோம். டயோனீசியஸ் செலவழித்தது வெள்ளியை அன்று. மக்கள் பெயரிலிருந்த அந்த உடன்பாட்டை.

மீண்டும் குதிரை

அவனுக்குப் பின் அவன் மகன் ஆண்டான். உள்நாட்டுப் போரால் நகரம் சிதைந்தது. சிராகூஸின் சந்தைவெளியில் குதிரைகள் மேயுமளவுக்குப் புல் மண்டிக் கிடந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார். அப்போது சிராகூஸ் மக்கள் உதவி கேட்டது, நானூறு ஆண்டுகளுக்கு முன் தாம் பிரிந்து வந்த கொரிந்தைத்தான். கி.மு. 344-இல் கொரிந்து, திமோலியன் என்ற முதியவரைச் சிறு படையுடன் அனுப்பிற்று. அவர் கொடுங்கோலரை அகற்றினார். கிரேக்க நாடெங்கும் அறிவித்துப் புதிய குடிகளை வரவழைத்தார். கருவூலம் காலி. ஆகவே நகரிலிருந்த சிலைகளை ஒவ்வொன்றாக வழக்கு விசாரணைபோல் நிறுத்தி, வாக்கெடுத்து விற்றனர். முற்காலத்தில் கார்த்தேஜை வென்ற கெலோனின் சிலை மட்டும் விடுதலை பெற்றது.

சிசிலியில் தோண்டியெடுக்கப்பட்ட அக்காலத்துப் புதையல்களில் எண்ணற்ற பெகாசஸ் நாணயங்கள் கிடைக்கின்றன. கொரிந்தினுடையவை, லெவ்காஸினுடையவை, அம்ப்ராக்கியாவினுடையவை எல்லாம் அவற்றில் கலந்துள்ளன. தன் தேரையும் அரெதூசாவையும் உலகமே நகலெடுத்த சிராகூஸ், இப்போது தானே குதிரை நாணயம் அச்சிட்டது. சந்தை நம்பிய படம் அதுவாக இருந்தது.

அருங்காட்சியகத்திலோ நூலிலோ சிறகுக் குதிரை நாணயம் ஒன்றைக் காணும் வாய்ப்பு அமைந்தால், முதலில் குதிரையின் வயிற்றுக்குக் கீழே பாருங்கள். கொப்பாவா, லாம்டாவா, ஆல்ஃபாவா என்று தெரியும். அங்கே எழுத்து எதுவும் இல்லாமல், மறுபுறம் அதீனாவின் தலையருகே நீண்ட சொல் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் சிராகூஸினுடையது. எழுத்துக்கூட்டிப் படித்தால், 'சிராகூஸ் மக்களுடையது' என்றிருக்கும்.